கால் பவர் கூடுதல்

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது கீழ்நிலவூர்க்காரர்கள் கண்ணை அணைத்துவிட்டு வரிசையில் நிற்பது வழக்கம். இடது காதுக்குப் பின்னால் விரலால் அழுத்தினால் போதும், விழியம் உறங்கிவிடும். அது உறங்கியதும் எதிரில் இருப்பதெல்லாம் சுண்ணாம்புத் தண்ணீராகக் கலங்கிவிடும். முன்னால் நிற்பவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "யாருங்க அது, காலை மிதிக்கிறது?" என்று கேட்டபடி, நிலாவின் தரைக்கு அடியில் இருக்கும் அந்தச் சுரங்கத் தெருவில் ஊரே நகரும். குழந்தைகளுக்கு வருஷத்தின் பெரிய வேடிக்கை அதுதான்.

விழியம் என்பது ஐந்து வயதில் கண்ணுக்குள் வைக்கப்படும் தானியங்கி வில்லை. எட்டத்தில் இருந்தாலும் கிட்டத்தில் இருந்தாலும், பார்க்கிற பொருளை அதுவே தெளிவாக்கிவிடும். துப்பாக்கி சுடும் போட்டியில் மட்டும் அதற்கு அனுமதி கிடையாது. விழியம் விழித்திருந்தால் எல்லாருக்கும் முழு மதிப்பெண் வந்துவிடும். தோற்பதற்கு ஆளில்லாத போட்டியில் ஜெயித்து என்ன பிரயோஜனம்? அதனால் விழியத்தை அணைத்துவிட்டு, பழைய நூற்றாண்டுக்காரர்களைப் போல மூக்கின் மேல் கண்ணாடி மாட்டிக்கொண்டுதான் சுட வேண்டும். அந்தக் கண்ணாடிக்குப் பவர் பார்க்கத்தான் இந்த வரிசை.

நிலாவில் குடியேறிப் பிழைக்கிற ஜனங்களுக்குத் துப்பாக்கி எதற்கு என்று கேட்பீர்கள். ஒரு ஜன்னலுக்காக. கீழ்நிலவூரின் வீடுகள் எல்லாம் பாறைக்குள் குடைந்தவை. ஒரே ஒரு வீடு மட்டும் பள்ளத்தாக்கின் விளிம்பில் இருக்கிறது, அதற்கு மட்டும் ஒரு ஜன்னல். அதில் எந்நேரமும் பூமி தெரியும். அந்த வீடு காலியாகும்போதெல்லாம் ஊருக்குள் அடிதடிதான். முதலில் குலுக்கல் போட்டுப் பார்த்தார்கள். குலுக்கிய அதிகாரியின் மச்சானுக்கே திரும்பத் திரும்ப விழுந்தது. பிறகு தகுதி பார்த்துக் கொடுக்க ஒரு குழு போட்டார்கள். குழுத் தலைவரே பெட்டி படுக்கையோடு குடியேறிவிட்டார். கடைசியில்தான், வருஷா வருஷம் போட்டி வைத்து, யார் நன்றாகச் சுடுகிறார்களோ அவர்களுக்கு அந்த வருஷம் வீடு என்று ஊர் மன்றம் தீர்மானம் போட்டது. துப்பாக்கியில் இருந்து கிளம்பும் ஒளிக்குண்டு யாருடைய சிபாரிசையும் கேட்காது அல்லவா?

இந்த முறை அந்த ஜன்னல் சும்மா ஒரு சௌகரியம் இல்லை. பொன்னுரங்கத்தின் மனைவி யமுனாவுக்குப் புவியேக்கம் முற்றியிருந்தது. வருஷக்கணக்கில் பூமியைப் பார்க்காமல் இருப்பவர்களில் சிலருக்கு வரும் நோய் அது. தூக்கம் போய்விடும், பேச்சு பாதியில் நின்றுவிடும், அடுப்பில் வைத்தது என்னவென்று மறந்துபோகும். திரையில் பூமியைக் காட்டினால் மூளை ஏமாறுவதில்லை. பூமியின் வெளிச்சம் நேராக விழுகிற இடத்தில் மாதக்கணக்கில் தூங்கி எழ வேண்டும். அதற்கு வழியில்லை என்றால் அடுத்த கப்பலில் பூமிக்கு அனுப்பிவிடுவார்கள். போனவர்கள் திரும்பி வர முடியாது. பொன்னுரங்கம் காற்று ஆலையில் ஒப்பந்தக்காரர். ஒப்பந்தம் முடிய இன்னும் ஆறு வருஷம் இருந்தது. ஜன்னல் கிடைக்காவிட்டால் ஆறு வருஷம் அவர் இங்கே, அவள் அங்கே.

ஊரில் இதே நிலைமையில் இன்னொரு குடும்பமும் இருந்தது. எதிர்வீட்டு எபநேசரின் மனைவி பியூலாவுக்கும் அதே நோய், அதே கட்டம். எபநேசரும் காற்று ஆலைதான், அவருக்கும் ஒப்பந்தம் முடிய அதே ஆறு வருஷம்தான். பியூலாவுக்கு நோய் என்று முதலில் சொன்னபோது, யமுனாவையும் உடனே பரிசோதிக்கச் சொல்லி பொன்னுரங்கம் மருத்துவரிடம் ஓடினார். அக்கறையால் ஓடினாரா, எதிர்வீட்டில் இருப்பது நம் வீட்டில் இல்லாமல் போய்விடுமோ என்று ஓடினாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

ஏனென்றால் அந்த இரண்டு வீடுகளின் சரித்திரம் அப்படி. எபநேசர் வீட்டுக்குள் ஒரு கீரைத்தொட்டி வைத்தால், பொன்னுரங்கம் இரண்டு வைப்பார். பொன்னுரங்கம் கதவுக்குப் பச்சை அடித்தால், எபநேசர் கதவோடு நிலைக்கும் சேர்த்து அடிப்பார். நேரில் பார்த்தால், "என்ன சார், சௌக்கியமா?" என்று வாய் நிறையச் சிரிப்பார்கள். இரண்டு பெண்களும் மட்டும் எந்தப் பாசாங்கும் இல்லாமல் ஒருத்தி வீட்டுக் குழம்பை இன்னொருத்தி வாங்கிப் போவார்கள்.

வரிசை நகர்ந்து பொன்னுரங்கத்தின் முறை வந்தது. கண் நிலையத்தை நடத்துவது ஓர் இயந்திரம். நோக்கன் என்பது அதன் பெயர். இயந்திரத்துக்கும் மரியாதை கொடுத்துப் பழகிய ஊர் என்பதால் எல்லாருக்கும் அது நோக்கர் ஐயா.

நோக்கர் அவர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூணு சுற்று இருக்கு. மூணுக்கும் ஒரே கண்ணாடிதான், நடுவுல மாத்தக்கூடாதுன்னு விதி. அதனால உங்களுக்கு எது நல்லா வருமோ அதுக்குத் தோதா எடுக்கணும். பறக்கிற தட்டைச் சுடுறதுன்னா தட்டுதான் தெளிவாத் தெரியணும், துப்பாக்கியப் பாக்கவே கூடாது. அதுக்கு தூரத்துப் பவர். கைத்துப்பாக்கின்னா அப்படியே தலைகீழ். குழல் நுனியில நிக்கிற குறிமுள் பளிச்சுனு தெரியணும், இலக்கு மங்கலா இருந்தாப் போதும். நீள்துப்பாக்கிக்கு ரெண்டுக்கும் நடுவுல."

"மங்கலாவா? சுடப்போறதே அதைத்தானே?"

"கண்ணு ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் தெளிவாப் பாக்கும். இலக்கு மங்கினா பரவாயில்ல, கறுப்பா ஒரு வட்டம் தெரிஞ்சாப் போதும். உங்க குறிமுள் மங்கிச்சுன்னா உங்க கை எங்க ஆடுதுன்னே உங்களுக்குத் தெரியாது."

"சரி, எனக்கு என்ன?"

"நீங்க கைத்துப்பாக்கி ஆளு. போன வருஷம் அந்தச் சுற்றுல உங்களுக்குத்தான் முதலிடம். முக்கால் பவர் போட்டா குறிமுள் உங்களுக்கு அவ்வளவு சுத்தமாத் தெரியும். நம்ம ஊர்ல தட்டு மெதுவாத்தான் பறக்குது, அதையும் இதுலயே சமாளிச்சிடலாம். ஜன்னல் வீடு உங்களுக்குத்தான்."

பொன்னுரங்கத்தின் முகம் விழுந்துவிட்டது. "முக்கால்தானா? ஒரு முழுப் பவர்கூட இல்லையா?"

"தேவையில்லையே."

பொன்னுரங்கம் சுற்றும்முற்றும் பார்த்தார். கண்ணை அணைத்திருந்ததால் எதுவும் தெரியவில்லை என்றாலும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எதிர்வீட்டு எபநேசர் வந்தாரா?" என்றார்.

"காலையிலயே வந்துட்டுப் போனாங்க."

"அவருக்கு என்ன பவர்?"

"ஒருத்தர் கண்ணு விவரத்தை இன்னொருத்தர்கிட்ட சொல்லக்கூடாது. சட்டம்."

"சொல்ல வேண்டாம்யா. நான் கேக்கவே இல்ல. அவர் எடுத்ததைவிடக் கால் பவர் கூடப் போட்டு எனக்குக் குடுத்துடுங்க. நம்பரை நீங்களே வச்சுக்குங்க."

நோக்கரின் விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. இயந்திரங்கள் தயங்குவதில்லை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். "உங்க கண்ணுக்கு அது பொருந்தாமப் போகலாம்," என்றார் பிறகு.

"அவர் கண்ணுக்குப் பொருந்துதுல்ல?"

"அது அவர் கண்ணு."

"அவருக்கு மட்டும் என்ன தங்கத்துலயா கண்ணு? நானும் அதே ஆலையிலதான் வேலை செய்யறேன். கால் பவர் கூடுதல், அவ்வளவுதான்."

வாடிக்கையாளர் தவறு செய்தால் மூன்று முறை எடுத்துச் சொல்ல வேண்டும், அதற்கு மேல் அவர் இஷ்டம் என்பது இயந்திரங்களுக்கு விதித்த விதி. நோக்கர் மூன்று முறை சொன்னார். பொன்னுரங்கம் மூன்று முறை தலையாட்டினார். கண்ணாடி போட்டி அன்று காலையில் பெட்டியில் வைத்து வரும் என்று சொல்லி அனுப்பினார் நோக்கர்.

வீட்டுக்கு வந்தவர் ஏதோ சாதித்த தோரணையில் உட்கார்ந்தார். யமுனா தண்ணீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எதற்கு எடுத்தோம் என்று யோசித்தபடி நின்றாள்.

"கண்ணாடிக்குச் சொல்லிட்டு வந்துட்டேன்," என்றார் அவர்.

"என்ன பவர்?"

"தெரியாது."

"உங்க கண்ணாடிப் பவர் உங்களுக்கே தெரியாதா?"

"எதிர்வீட்டைவிடக் கால் கூட. அது போதாதா?"

யமுனா குவளையைக் கீழே வைத்தாள். நோய் வந்த பிறகு அவள் கோபப்பட்டு அவர் பார்த்ததில்லை. அன்று பட்டாள். "ஏங்க, நீங்க யாருக்காகச் சுடப்போறீங்க? எனக்குப் பூமியப் பாக்கணும். ராத்திரி கண்ணை மூடினா அதோட நீலம் எப்படி இருக்கும்னு ஞாபகம் வர மாட்டேங்குது, பயமா இருக்கு. எதிர்வீட்டை ஜெயிச்சு நான் என்ன பண்ணப் போறேன்? போய் உங்க கண்ணுக்கு என்னவோ அதை வாங்கிட்டு வாங்க!"

"உனக்காகத்தான் யமுனா இவ்வளவும்," என்றார் பொன்னுரங்கம். அதை அவர் உண்மையாகவே நம்பினார். ஆனால் திரும்பிப் போகவில்லை. போனால் எபநேசருக்குத் தெரிந்துவிடுமே.

போட்டி அன்று காலை பெட்டி வந்தது. திறந்தவுடன் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. சோடாபுட்டிக் கண்ணாடி என்று ஒரு சொல் உண்டு. கீழ்நிலவூரில் யாரும் சோடாவையும் பார்த்ததில்லை, புட்டியையும் பார்த்ததில்லை. அந்தச் சொல்லுக்கு அன்றுதான் அங்கே ஒரு பொருள் கிடைத்தது. மாட்டியதும் மூக்கு வலித்தது. தன் இமைமுடிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அதற்கு அப்பால் வெறும் மூட்டம்.

அவர் பதறியிருக்க வேண்டும். பதறத்தான் செய்தார். ஆனால் சுடுகூடத்துக்குப் போய்த் தடவித் தடவிப் பக்கத்து இடத்தருகே முகத்தைக் கொண்டுபோனபோது, எபநேசரின் மூக்கின் மேலும் அதே கனத்தில் ஒரு கண்ணாடி இருந்தது. பொன்னுரங்கத்துக்கு உயிர் வந்தது. அவரே போட்டிருக்கிறார் என்றால் அதில் ஏதோ விஷயம் இருக்கத்தானே வேண்டும்!

"கண்ணாடி எப்படி சார்?" என்றார் எபநேசர், அவர் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளிப் பார்த்துக்கொண்டு.

"அருமை. உங்களுக்கு?"

"அற்புதம்!"

சுட்டார்கள். பொன்னுரங்கத்தின் முதல் குண்டு கூரை விளக்கில் பட்டது. இரண்டாவது மன்றத் தலைவரின் படத்தில், சரியாக நெற்றியில் பட்டது. எபநேசர் நீள்துப்பாக்கிச் சுற்றில் பார்வையாளர் பக்கம் திரும்பி நின்று குறிபார்க்க, ஜனங்கள் நாற்காலிக்கு அடியில் பாய்ந்தார்கள். பறக்கும் தட்டுகள் ஒவ்வொன்றும் நிதானமாக மேலே போய், நிதானமாகக் கீழே இறங்கி, முழுசாகத் தரையில் உட்கார்ந்தன. கூட்டத்தில் இருந்த யமுனாவும் பியூலாவும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

ஜெயித்தது ரஸியா. மேல்தரையில் மண் அள்ளும் வண்டி ஓட்டுகிறவள், ஊருக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. நோக்கர் சொன்ன பவரையே அவள் மறுபேச்சில்லாமல் வாங்கியிருந்தாள். ஊரில் இன்னும் ஒருவரையும் தெரியாததால் யாரோடும் ஒப்பிட்டுப் பார்க்க அவளுக்கு வழியில்லாமல் போயிருந்தது.

இரண்டு ஆண்களும் அங்கிருந்து நேராகக் கண் நிலையத்துக்குப் போய் நோக்கரைப் பிடித்துக்கொண்டார்கள். "என்னய்யா கண்ணாடி இது? குடும்பத்தையே கெடுத்துட்டியே!" என்று கத்தினார் பொன்னுரங்கம். மரியாதையெல்லாம் அதற்குள் பறந்துவிட்டது.

"ரெண்டு பேரும் சேர்ந்து கேக்கறதால ரகசியம் இல்ல, சொல்லிடறேன்," என்றார் நோக்கர். "எபநேசர் ஐயா காலையில வந்து, பொன்னுரங்கம் ஐயாவைவிடக் கால் பவர் கூட வேணும்னாங்க. அப்புறம் பொன்னுரங்கம் ஐயா வந்து, எபநேசர் ஐயாவைவிடக் கால் பவர் கூட வேணும்னாங்க. இவங்களுக்கு ஒரு கால் ஏத்தினேன். அதனால அவங்களுக்கு ஏத்த வேண்டியதாப் போச்சு. அதனால மறுபடி இவங்களுக்கு. ராத்திரி பூராவும் ஏத்திக்கிட்டே இருந்தேன். இதுக்கு மேல கனமா வில்லை கடைய எந்திரத்துல வழியில்ல, அதனால நிறுத்திட்டேன். பொன்னுரங்கம் ஐயாவோட முக்கால் பவரை முதல் நாளே கடைஞ்சு எடுத்து வச்சேன். இங்கதான் இருக்கு. போட்டுப் பாக்கறீங்களா?"

அந்த மெல்லிய வில்லையைப் பார்த்ததும் பொன்னுரங்கத்துக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் எபநேசர் பக்கத்தில் நின்றதால் அடக்கிக்கொண்டார்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் அவர்களை மன்னித்துவிடலாம். கண்ணாடி மேல் பழி போட்டுவிட்டுப் போகலாம். அதற்கு அடுத்து நடந்ததில் கண்ணாடிக்கு எந்தப் பங்கும் இல்லை.

மறுநாள் யமுனாவும் பியூலாவும் ரஸியாவைப் போய்ப் பார்த்தார்கள். அந்தப் பெண் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "இதுக்கா அக்கா இவ்வளவு தயக்கம்? நான் பகல் பூரா மேலதான் வண்டி ஓட்டறேன். தலையத் தூக்கினா பூமி. ராத்திரி படுக்க எனக்கு ஜன்னல் எதுக்கு? நீங்க ரெண்டு பேரும் மாசம் மாத்தி அந்த வீட்டுல இருந்துக்குங்க. உங்கள்ல யார் வீடு காலியா இருக்கோ அதுல நான் இருந்துக்கறேன்."

மருத்துவரும் சரி என்றார்; மாதம் மாற்றி இருந்தாலும் போதும், கப்பல் தேவையில்லை என்றார். மன்றமும் சரி என்றது. முதல் மாதம் எந்தக் குடும்பம் என்று எழுதி, இரண்டு ஒப்பந்தக்காரர்களும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் முடிந்தது. கப்பல் கிளம்புவதற்குள் கொடுத்துவிட வேண்டும்.

"பியூலா அக்காவே மொதல்ல போகட்டும்," என்றாள் யமுனா.

"அதெப்படி?" என்றார் பொன்னுரங்கம். "நாம என்ன எளைச்சவங்களா?"

"அப்ப யமுனா மொதல்ல போகட்டுங்க, எனக்கு ஒண்ணுமில்ல," என்றாள் எதிர்வீட்டில் பியூலா.

"அவங்க மொதல்லயா?" என்றார் எபநேசர். "அப்புறம் நான் இந்தத் தெருவுல எந்த முகத்தோட நடக்கறது?"

நாணயம் சுண்டிப் பார்க்கலாம் என்றார் மன்றத் தலைவர். யார் சுண்டுவது என்பதில் சண்டை வந்தது. இரண்டு பெண்களும் சேர்ந்து ஜன்னல் வீட்டில் இருக்கிறோம், நீங்கள் இரண்டு பேரும் இங்கேயே இருங்கள் என்று பியூலா சொல்லிப் பார்த்தாள். "அப்ப எங்களுக்குச் சாப்பாடு?" என்று இரண்டு ஆண்களும் ஒரே குரலில் கேட்டார்கள். இத்தனை வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

தாள் அங்கும் இங்கும் அலைந்தது. ஒருவர் எழுதியதை மற்றவர் அடித்தார். கப்பல் கிளம்புவதற்கு முந்தின நாள் யமுனா அந்தத் தாளை வாங்கி நான்காகக் கிழித்தாள். பிறகு பியூலாவையும் கூட்டிக்கொண்டு போய், பூமிக்குப் போகும் நோயாளிகளின் பட்டியலில் இருவர் பெயரையும் சேர்க்கச் சொன்னாள். அதற்குக் கணவன் கையெழுத்து தேவையில்லை.

கப்பல் துறையில் பொன்னுரங்கம் அவள் கையை விடவில்லை. "யமுனா, போகாத. இப்பவே கையெழுத்துப் போடறேன். அவரே மொதல்ல இருக்கட்டும், நான் ஒண்ணும் சொல்லல," என்றார். அதைச் சொல்ல அவர் எவ்வளவு சிரமப்பட்டார் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் பட்டியல் மூடியாகிவிட்டது.

"உங்க மேல எனக்குக் கோபம் இல்ல," என்றாள் யமுனா. "கோபம் இல்லாததுதான் கஷ்டமா இருக்கு. வேளாவேளைக்குச் சாப்பிடுங்க. கீரைக்குத் தண்ணி ஊத்துங்க. ரெண்டு தொட்டி தேவையில்ல, ஒண்ணு போதும்."

இரண்டு பெண்களும் உள்ளே போனார்கள். கதவு மூடியது. துறையில் ஆட்கள் கலைந்த பிறகும் இரண்டு ஆண்களும் கண்ணாடிச் சுவரோரம் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். கப்பல் சத்தமில்லாமல் எழும்பியது. பொன்னுரங்கம் வாய்விட்டு அழுதார். எபநேசரும் அழுதார். எபநேசர் கையை நீட்டி அவர் தோளில் வைத்தார்; பொன்னுரங்கம் அதைத் தட்டிவிடவில்லை. ஆறு வருஷம் என்பது எவ்வளவு நீளம் என்று இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

வெகுநேரம் கழித்து எபநேசர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"சார், உங்க வீட்டம்மாவுக்கு எந்தப் பக்கம் சீட்டு போட்டிருக்காங்க?"

பொன்னுரங்கம் கண்ணைத் துடைத்தார். யமுனா எங்கே உட்கார்ந்தாள் என்று அவருக்குத் தெரியாது. அவர் கேட்கவே இல்லை.

"ஜன்னல் பக்கம்," என்றார். "பூமி தெரியற பக்கம்."

எபநேசர் கொஞ்சம் யோசித்தார்.

"எங்க வீட்லயும் பூமிப் பக்கந்தான்," என்றார். "முன் வரிசை."